லண்டன் பங்க், சென்னை உறுமி: எம்.ஐ.ஏ. உருவான கதை

எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயரால் அறியப்படும் மாதங்கி அருட்பிரகாசம் ஹிப்-ஹாப்புக்கு வந்து சேர்ந்த பாதை விநோதமானது. ராப் பாடகர்கள் பெரும்பாலும் தெருமுனைப் போட்டிகளில் வாய் பழகி, ஒரு டிஜேயின் நிழலில் வளர்ந்து, பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைவார்கள். இவர் கலைக் கல்லூரியில் படித்து, ஒரு ராக் குழுவின் பயணத்தைப் படமெடுக்க வீடியோ கேமராவோடு கூடப் போனவர். அவர் கையில் முதல் கருவி வந்து சேரக் காரணமானவர்கள் பங்க் இசையின் வாரிசுகளான இரண்டு பெண்கள். 2003-இன் இறுதியில் 500 பிரதிகள் மட்டும் வெளியான ஓர் இசைத்தட்டு அவருடைய தொடக்கம். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிராமி விருது மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். இடைப்பட்ட காலம் ஐந்து ஆண்டுகளைச் சற்றே தாண்டும்.

அந்த ஐந்து ஆண்டுகளைப் புரிந்துகொள்ள, பங்கும் ஹிப்-ஹாப்பும் எங்கே கைகுலுக்கின என்று பார்த்துவிட வேண்டும். இரண்டும் 1970-களில், வேலையில்லாத நகர இளைஞர்களிடம் பிறந்தவை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். வாத்தியம் வாங்க வசதியில்லாத இடத்தில் இரண்டு ரெக்கார்டு பிளேயர்களே வாத்தியமாயின. அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த பங்க், கிட்டார் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே தூக்கிப் போட்டது. மூன்று கார்டு தெரிந்தால் போதும், குழு தொடங்கலாம்.

லண்டனின் 'தி கிளாஷ்' இந்த இரண்டுக்கும் பாலம் போட முயன்ற முதல் பெரிய குழுக்களில் ஒன்று. 1981-இல் நியூயார்க்கின் பாண்ட்ஸ் அரங்கில் தங்கள் நிகழ்ச்சிக்கு முன்னால் பாட ராப் முன்னோடியான கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷின் குழுவை அழைத்தார்கள். பங்க் ரசிகர்கள் கத்திக் கூச்சலிட்டு, கையில் கிடைத்ததை மேடையில் எறிந்தார்கள். அதே ஆண்டு, அதே நகரத்தில் 'பீஸ்டி பாய்ஸ்' என்ற விடலைப் பையன்கள் பங்க் குழுவாகத் தொடங்கி, சில ஆண்டுகளில் ராப்புக்கு மாறினார்கள். 1986-இல் வந்த 'லைசென்ஸ்டு டு இல்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் தொகுப்பு. எறிந்த கூட்டமே வாங்கும் கூட்டமாக மாற ஐந்து வருடம் பிடித்தது. நியூயார்க்கில் இந்தக் கலப்பின் லாபம் வெள்ளைக்காரப் பையன்கள் மூவருக்குப் போனது. லண்டனில் அது ஒரு யாழ்ப்பாணப் பெண்ணிடம் வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

கடல் கடந்த வீடு

மாதங்கி 1975 ஜூலை 18 அன்று லண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். வீட்டில் மாயா. தந்தை அருளர், அதே ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்ட ஈரோஸ் என்ற ஈழ விடுதலை அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர்; இலங்கையின் 1977 கலவரத்துக்குப் பிறகு கப்பலில் யாழ்ப்பாணம் போகும் அகதிகளைப் பற்றிய 'லங்காராணி' நாவலை எழுதியவர். மேற்கத்தியப் பத்திரிகைகள் பல அவரை விடுதலைப் புலி என்றே எழுதின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்ற விவரம் ஈழப் போராட்டத்தை ஓரளவு கவனித்த தமிழ் வாசகருக்குத் தெரியும். லண்டன் இசை நிருபருக்குத் தெரியவில்லை. இந்தக் குழப்பம் பின்னாளில் மகளைப் பல ஆண்டுகள் துரத்தியது.

ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுபோகப்பட்டார் மாயா. தந்தை பெரும்பாலும் தலைமறைவு. போர் முற்றியபோது தாய் கலா பிள்ளைகளோடு சில காலம் சென்னையில் தங்கினார், திரும்பவும் யாழ்ப்பாணம், கடைசியில் 1986-இல் அகதிகளாக லண்டன். மாயாவுக்கு அப்போது பதினொரு வயது நிரம்பவில்லை.

அதே போரிலிருந்து தப்பிய வேறு குடும்பங்கள் மேற்கே போக வழியில்லாமல் படகேறி ராமேஸ்வரம் வந்தன. மண்டபம் முகாமில் பதிவாகிப் பல மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. திண்டுக்கல்லைச் சுற்றித் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்கள் அப்படி வந்தவைதான். தோட்டனூத்தில் அவர்களுக்கென்று 321 கான்கிரீட் வீடுகள் திறக்கப்பட்டது 2022 செப்டம்பரில். கையில் எந்தக் காகிதம் இருந்தது, எந்தப் பக்கம் வண்டி கிடைத்தது என்பது ஒரு தலைமுறையின் வாழ்க்கையையே இரண்டாகப் பிரித்தது. காகிதமும் விசாவும் எம்.ஐ.ஏ.வின் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதில் இருக்கிறது.

லண்டனில் அவர்களுக்குக் கிடைத்தது தெற்குப் பகுதியான மிச்சமில், ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பு. அங்கே தெற்காசியக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. நிறவெறி அன்றாடச் சங்கதி. தாய் தையல் வேலை பார்த்தார். வீட்டு வானொலி திருடு போனபின், பக்கத்து வீட்டுப் பையன்கள் அலறவிட்ட ஹிப்-ஹாப் சுவரைத் தாண்டி வந்து மாயாவின் காதில் விழுந்ததாம். பிற்காலப் பேட்டிகளில் அவரே சொன்ன கதை இது. ஆங்கிலம் சரியாகப் பிடிபடாத சிறுமிக்கு பப்ளிக் எனிமி போன்ற குழுக்களின் கோபம் மொழி தாண்டிப் புரிந்திருக்கிறது.

ஓவியத்திலிருந்து ஒலிக்கு

சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் அவர் படித்தது திரைப்படமும் வீடியோவும். பாடகியாகும் எண்ணம் அப்போது இல்லை. எலாஸ்டிகா குழுவின் தலைவி ஜஸ்டின் ஃப்ரிஷ்மனின் நட்பு அங்கேதான் திசையை மாற்றியது. எலாஸ்டிகா, 1970-களின் பங்க் குழுக்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருந்தது என்றால், 'வயர்' என்ற குழு தங்கள் மெட்டை எடுத்துவிட்டார்கள் என்று வழக்குக்கே போய், விவகாரம் பேசித் தீர்க்கப்பட்டது. 2000-இல் வந்த அவர்களின் இரண்டாவது தொகுப்பான 'தி மெனஸ்' அட்டையை மாயா வடிவமைத்தார். அமெரிக்கப் பயணத்தைப் படமெடுக்கக் கூடவே போனார்.

அந்தப் பயணத்தில் எலாஸ்டிகாவுக்கு முன்னால் மேடையேறியவர் பீச்சஸ் என்ற கனடாக்காரி. குழு கிடையாது, ரோலண்ட் நிறுவனத்தின் எம்.சி-505 என்ற தாளப்பெட்டி ஒன்று, ஒரு மைக், அவ்வளவுதான். கூச்சமே இல்லாமல் தனியாளாக மேடையை நிரப்பினார். இந்தப் பெட்டியில் நீயே பாட்டுச் செய்யலாம் என்று மாயாவைத் தூண்டிவிட்டவரும் அவரே. எம்.ஐ.ஏ.வின் பங்க் வேர் என்று சொல்லத்தக்க இடம் இதுதான். மின்கிட்டார் இரைச்சலை அவர் அதிகம் எடுத்துக்கொள்ளவில்லை. தகுதிச் சான்று கேட்காமல் ஆரம்பித்துவிடும் துணிச்சலை எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையில் ஓவியராகவும் அவர் பெயர் வெளியே வந்தது. 2001-இல் லண்டனில் வைத்த முதல் கண்காட்சியில் புலி, பீரங்கி வண்டி, பனைமரம், போராளி முகங்கள் எல்லாம் மிட்டாய் நிறங்களில் ஸ்டென்சில் வைத்து ஸ்பிரே செய்யப்பட்டிருந்தன. ஈழத்துச் சுவரொட்டியும் லண்டன் சுவர்க்கிறுக்கலும் ஒரே பலகையில். அதே ஆண்டு தமிழ் இளைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இலங்கைக்குப் போனார். தொல்லைகளால் படத்தை முடிக்க முடியாமல் திரும்பினார். கையில் படம் இல்லை, சொல்ல விஷயம் நிறைய இருந்தது. லண்டன் மேற்குப் பகுதி வீட்டில் ஜஸ்டினிடம் வாங்கிய 505 பெட்டியும் நான்கு தடப் பதிவுக் கருவியும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு பாட்டுகளைச் செய்யத் தொடங்கினார்.

அப்படிப் பிறந்ததுதான் 'கலாங்'. ஜஸ்டினும், பல்ப் குழுவின் ஸ்டீவ் மேக்கியும், ராஸ் ஆர்ட்டனும் சேர்ந்து செப்பனிட்டார்கள். ஷோபிஸ் என்ற சிறு நிறுவனம் 2003-இன் இறுதியில் 500 தட்டுகள் போட்டது. மிச்சத்தை இணையம் பார்த்துக்கொண்டது. கோப்புப் பகிர்வுத் தளங்களில் பாட்டு ஓட, நடனக் கூடங்கள் பிடித்துக்கொண்டன; பெரிய நிறுவனங்கள் தேடி வந்தன. எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் 2004-இல் ஒப்பந்தம் போட்டது. இணையம் ஒரு பாடகியை உருவாக்கியதற்கு முதல் சில உதாரணங்களில் 'கலாங்' ஒன்று என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். அன்றைக்கு இசை நிறுவனங்கள் அதே பகிர்வுத் தளங்களை நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தன.

அருளர்

2004-இல் வந்த 'சன்ஷவர்ஸ்' பாட்டின் வீடியோ தென்னிந்தியக் காட்டில் படமானது. பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வந்ததால் எம்.டி.வி. ஒளிபரப்ப மறுத்தது. அந்த ஆண்டு முடிவில் டிப்ளோ என்ற அமெரிக்க டிஜேயுடன் சேர்ந்து ஒரு கலவைத் தொகுப்பு போட்டார். அடுத்தவர் பாட்டுகளின் துண்டுகளை அனுமதி கேட்காமலே ஒட்டியது. ஆகையால் கடையில் விற்க முடியாது, கச்சேரிகளில் கைமாறியது. கள்ளக் கேசட்டுதான் பயங்கரவாதத்துக்குப் பணம் தருகிறது என்று அப்போது நடந்த பிரசாரத்தைக் கிண்டலடித்து, அதையே தலைப்பாகவும் வைத்தார்.

முதல் முழுத் தொகுப்பு 2005 மார்ச்சில் வந்தது. பெயர் 'அருளர்'. எப்போதாவது தன் பெயரை இணையத்தில் தேடும்போது அப்பா இதைக் கண்டுபிடிக்கட்டும் என்ற எண்ணம் உள்ளே இருந்தது. அவரும் கண்டுபிடித்தார், பெருமைதான், ஆனால் பெயரை மாற்று என்று எழுதினார். மகள் மாற்றவில்லை. இயக்கப் பெயரை உலகம் முழுவதும் அறியத் தந்துவிட்ட ஒரு பிள்ளையின் கோபமும் பாசமும் கலந்த செயல் அது.

ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசிலின் பைலே ஃபங்க், அமெரிக்க ஹிப்-ஹாப், லண்டனின் கிரைம் இசை எல்லாம் அந்தத் தொகுப்பில் தாளப்பெட்டியின் கரடுமுரடான ஓசைமேல் ஏறி நிற்கின்றன. குரலில் பயிற்சி தெரியாது. தெரியக்கூடாது என்ற பிடிவாதம் தெரியும். பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான அந்த ஆண்டின் இறுதிப்பட்டியலில் இடம் கிடைத்தது. அமெரிக்காவின் கோசெல்லா இசை விழாவில் மேடையிலிருந்து இறங்கியவரை ரசிகர்கள் விடாமல் கூப்பிட்டு மறுபடி ஏற்றினார்கள்.

விமர்சனங்கள் பாராட்டின, ஆனால் ஒரு பழைய வழக்கத்தையும் விடவில்லை: இசையைச் செய்தவர் டிப்ளோவாகத்தான் இருக்கும் என்று பலர் எழுதினார்கள். உண்மையில் 'அருளர்' தொகுப்பில் அவர் கை பட்டது 'பக்கி டன் கன்' என்ற ஒரே பாட்டில். 2007-இல் ஓர் இசை இதழ்ப் பேட்டியில் எம்.ஐ.ஏ. இதை நேரடியாகவே எதிர்த்துப் பேசினார். பெண் பாடுவாள், ஆண் தாளம் அமைப்பான் என்ற நினைப்பு ஹிப்-ஹாப்பிலும் இருந்தது. எந்த இசையில் இல்லை?

இன்னொரு கேள்வி தமிழர்களுக்குள்ளேயே எழுந்தது. புலியும் துப்பாக்கியும் அச்சிட்ட உடையில் லண்டனில் ஆடுவது போராட்டத்தைப் பேசுவதா, அணிகலனாக்குவதா? இலங்கைப் பின்னணி கொண்ட ராப் பாடகர் ஒருவர் அவரைப் பயங்கரவாதத்தைக் கொண்டாடுபவர் என்று பாட்டாகவே தாக்கினார். எம்.ஐ.ஏ. தன்னை எந்த இயக்கத்தின் ஆளாகவும் சொல்லிக்கொள்ளவில்லை. பொதுமக்களைப் பற்றிப் பேசுவதாகவே சொன்னார். ஆனால் அவர் படங்கள் பாட்டுகளைவிடச் சத்தமாகப் பேசின என்பதையும் மறுக்க முடியாது. பங்க் மரபில் அதிர்ச்சிதான் முதல் ஆயுதம். கேட்பவர் வேறொரு நாட்டில் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கும்போது அந்த ஆயுதம் யாரைக் குத்துகிறது என்பது எளிதில் விடை கிடைக்காத விஷயம்.

சென்னையில் உறுமி

இரண்டாவது தொகுப்பை அமெரிக்காவில் இசைத் தயாரிப்பாளர் டிம்பலண்டுடன் செய்யத் திட்டம். 2006-இல் அமெரிக்கா விசா மறுத்தது. ஒரு இசைக்கலைஞருக்கு அதைவிடப் பெரிய உதவியை அந்நாட்டுக் குடியேற்றத் துறை செய்திருக்க முடியாது என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஒரே அறையில் முடிந்திருக்க வேண்டிய தொகுப்பு இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் சுற்றியது. கூடவே இருந்தவர் ஸ்விட்ச் என்ற லண்டன் இசைத் தயாரிப்பாளர். தொகுப்புக்குத் தாயின் பெயர்: 'கலா'.

சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்துவிட்டார், ஆட்களைக் காட்டினார். இருபதுக்கும் மேற்பட்ட தாளக் கலைஞர்கள் அங்கே பதிவு செய்யப்பட்டார்கள். 'பாய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' இரண்டிலும் முன்னால் நிற்பது உறுமி. இடை சிறுத்த, இரண்டு முகத் தோற்கருவி அது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது வரும் முனகல் வேறெந்த மேளத்திலும் வராது. திண்டுக்கல் கோட்டை மாரியம்மனின் மாசித் திருவிழாவிலோ சுற்றுப்பட்டுக் கிராமங்களின் சாமி கும்பிடுகளிலோ உறுமி கேட்டு வளர்ந்தவர்கள் 'பேர்ட் ஃப்ளூ'வின் முதல் சில நொடிகளிலேயே ஊரை அடையாளம் கண்டுகொள்வார்கள். சாமியாட்டத்துக்கு அடிக்கிற அடியை எம்.ஐ.ஏ. வேகத்தைத் தணிக்காமல், மெருகேற்றாமல் அப்படியே போட்டார். மேலே கோழிக் கொக்கரிப்பும் பிள்ளைகளின் கூச்சலும்.

உறுமியைத் தமிழ் சினிமா முன்பே பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் திரைப்பாட்டில் அது கிராமத்துக் காட்சிக்கு, குத்தாட்டத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட கருவி. நாலு வரி அடித்துவிட்டு வயலினுக்கு இடம் விட்டு நகர்ந்துவிடும். எம்.ஐ.ஏ.விடம் நகரவில்லை. ஹிப்-ஹாப்பில் டிரம் பெட்டி உட்காரும் முதல் இடத்தில் உறுமி உட்கார்ந்தது. 'பேர்ட் ஃப்ளூ'வில் 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டுத் துண்டும் உண்டு. சென்னையில் பதிவான அந்தத் தாளக் கலைஞர்களில் எத்தனை பேரின் பெயர் உலக ரசிகருக்குத் தெரிந்தது என்பது வேறு விஷயம். நாட்டார் கலைஞர்களின் ஒலி ஊர் ஊராகப் போவதும் அவர்கள் அங்கேயே நிற்பதும் இந்த ஒரு தொகுப்பில் தொடங்கிய பழக்கமில்லை.

'கலா'வின் முதல் பாட்டான 'பாம்பூ பங்கா'வில் கலப்பு உச்சத்துக்குப் போகிறது. பங்குக்கு முன்னோடியான அமெரிக்காவின் 'மாடர்ன் லவர்ஸ்' குழுவின் 'ரோட்ரன்னர்' பாட்டின் சாயலில் வரிகள் ஓடுகின்றன. அடியில் துடிப்பது இளையராஜா 'தளபதி'க்கு (1991) இசையமைத்த 'காட்டுக்குயிலு மனசுக்குள்ள' பாட்டின் துண்டு. பொங்கல் பாட்டும் பாஸ்டன் ராக்கும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே வண்டியில் போகின்றன. 'ஜிம்மி' பாட்டு 1982-இன் 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படப் பாட்டின் மறுவடிவம். சிறுவயதில் விருந்துகளில் அவர் ஆடிய பாட்டு அது. வேறொரு பாட்டில் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் ராப் பாடுகிறார்கள்.

தமிழ் ராப்போடு இதைச் சேர்த்துக் குழப்பக் கூடாது. அது வேறு கிளை. 1994-இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' சினிமா வழியாக ஒரு வாசலைத் திறந்தது. மலேசியாவில் யோகி பி – நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' 2006-இல் தமிழிலேயே முழுத் தொகுப்பாக வந்தது. எம்.ஐ.ஏ. பாடுவது பெரும்பாலும் லண்டன் தெரு ஆங்கிலத்தில். அவரிடம் தமிழ் சொற்களில் குறைவு, தாளத்தில்தான் அதிகம்.

காகிதப் பறவை

2007 ஆகஸ்டில் வெளிவந்த 'கலா'வை ரோலிங் ஸ்டோன் இதழ் அந்த ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் எம்.ஐ.ஏ.வை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அதில் ஒளிந்திருந்த 'பேப்பர் பிளேன்ஸ்'. விசா மறுப்புதான் அதன் விதை. குடியேறி வந்தவன் எல்லோரும் பணத்தைத் திருட வந்தவன் என்று நினைக்கிற கண்ணுக்கு, அந்த நினைப்பையே பகடியாகத் திருப்பிக் கொடுக்கிறது பாட்டு. பல்லவியில் சிறுவர் குரல்கள். நடுவே துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டி திறக்கும் ஒலியும். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் துப்பாக்கிச் சத்தத்தை மழுப்பி ஒளிபரப்பின.

பாட்டின் அடித்தளம் தி கிளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'. 1982-இல் வந்த அந்தப் பாட்டும் குடியேறியவர்களைப் பற்றியதே. பிரிட்டனில் வேலையின்றிக் கிடப்பவர்களும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளும் அதில் வருகிறார்கள். அதை எழுதிய கிளாஷ் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரின் தந்தை லக்னோவில் பிறந்தவர் என்பது கூடுதல் சுவாரசியம். டிப்ளோ அந்தக் கிட்டார்த் துண்டை எடுத்துச் சுழலவிட, எம்.ஐ.ஏ. மேலே தன் கதையைச் சொன்னார். 1981-இல் பாண்ட்ஸ் அரங்கில் ராப்பும் பங்கும் சேரவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, அதே கிளாஷின் மெட்டில், அகதியாக வந்த ஒருவரின் குரலில் சேர்ந்தன.

வெளியான ஒரு வருடம் பாட்டு அடங்கித்தான் கிடந்தது. 2008-இல் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' படத்தின் முன்னோட்டத்தில் ஒலித்தபின் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் இடம்பெற்றது. அதே படத்துக்காக ரஹ்மானுடன் சேர்ந்து செய்த 'ஓ... சாயா' ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. விருது ரஹ்மானின் 'ஜெய் ஹோ'வுக்குப் போனது. ராப் உலகின் முதல் வரிசைக்காரர்களான ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், டி.ஐ., லில் வெய்ன் நால்வரும் 'பேப்பர் பிளேன்ஸ்' வரி ஒன்றை எடுத்து 'ஸ்வாக்கா லைக் அஸ்' என்று ஒரு பாட்டே செய்தார்கள்.

2009 பிப்ரவரி 8-ஆம் தேதி கிராமி விழாவில் அந்த நால்வரோடு எம்.ஐ.ஏ. மேடையேறினார். அன்றுதான் பிரசவத்துக்கு மருத்துவர்கள் குறித்திருந்த நாள். கறுப்பு வெள்ளையில் வயிறு தெரியும் உடை. ஹிப்-ஹாப்பின் ஆண்கள் படை கோட்டுசூட்டில் பின்னால். மூன்று நாள் கழித்து மகன் பிறந்தான். ஆண்டின் சிறந்த பாடல்பதிவுக்கான பரிந்துரைப் பட்டியலில் 'பேப்பர் பிளேன்ஸ்' இருந்தது, விருது கிடைக்கவில்லை.

அந்த வாரங்களில் இலங்கையின் வன்னியில் போரின் கடைசிக் கட்டம் நடந்துகொண்டிருந்தது. கிராமியும் ஆஸ்கரும் தந்த ஒலிபெருக்கியை எம்.ஐ.ஏ. அதற்குப் பயன்படுத்தினார், அமெரிக்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்படுவதைப் பற்றிப் பேசினார். இலங்கை அரசு மறுத்தது. பொழுதுபோக்கு நிருபர்கள் பலருக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. டைம் இதழ் அந்த ஆண்டின் செல்வாக்குமிக்க நூறு பேரில் அவரைச் சேர்த்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. 2010-இல் தன் பெயரையே தலைப்பாக்கி அவர் போட்ட 'மாயா', தாளப்பெட்டியை விட்டு மின்கிட்டாரும் இயந்திர இரைச்சலுமாக மாறியது. தொடக்கக் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.